தட்டில் பட்ட வெயில்

"டவர்தான் முழுசாக் காட்டுதே, அப்புறம் என்னம்மா குறை?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். போனில் கோடெல்லாம் நிறைந்துதான் நிற்கும். கூப்பிட்டால் மணி அடிக்கும். சேலத்தில் இருப்பவர் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோலக் குரல் கேட்கும். வாயால் பேசுகிறவர்களுக்கு அது போதும். என் மகள் வாயால் பேசுகிறவள் இல்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அவள் பேச்செல்லாம் கையிலும் முகத்திலும்தான். போனில் படம் வந்தால்தான் எங்களுக்குப் பேச்சு. படம் நின்றுபோனால் யாரோ அவள் வாயைப் பொத்தின மாதிரி இருக்கும்.

நான் மலைமேல் வாழவந்தி நாட்டில் ஓர் அங்கன்வாடியில் டீச்சர். வீட்டுக்காரர் மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள். கொஞ்சம்தானா என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சிரிப்பார். நான் வாசலில் பேசினால் பள்ளத்து வீட்டில் பதில் சொல்வார்கள் என்பார். அப்பேர்ப்பட்ட என் சத்தத்தைக் கேட்காத ஒரே ஆள் என் வயிற்றிலேயே வந்து பிறந்தாள். அந்த ஆண்டவனுக்குக் குசும்பு அதிகம் என்று அப்போது திட்டினேன். இப்போதும் அவ்வப்போது திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் கைப்பேச்சு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளும் நானுமாக உண்டாக்கினது. அம்மா என்றால் மூக்கைத் தொடுவாள், என் மூக்குத்தி நிற்கும் இடத்தை. அப்பா என்றால் கொத்திலிருந்து மிளகை உருவுகிற மாதிரி விரலைத் தேய்ப்பாள். கரண்ட் போனால் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைப் பிதுக்குவாள். எழுத்து நான்தான் பழக்கினேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதுவாள், வீட்டுக்கு வந்து அதற்கு அர்த்தத்தை என் கையிலிருந்து தெரிந்துகொள்வாள். ஆனால் எழுத்து அவளுக்கு ஒட்டவில்லை. ஒரு வரி, இரண்டு வரி, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒரு சரிவில் இருக்கிறது. எதிர்ச் சரிவில் எங்கள் கிழங்குக் காடும் ஒரு பலா மரமும். நடுவில் ஓடை. பிள்ளைகள் எல்லாம் அந்தப் பலாவடியில்தான் விளையாடும். சாப்பாட்டு நேரம் வந்தால் மற்ற வீட்டுக்காரிகள் வாசலில் நின்று ஒரு கூவல் கூவுவார்கள், அவரவர் பிள்ளை ஓடிவரும். நான் கூவி என்ன பயன்? அவள் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். இடது கையை நீட்டி, இரண்டு விரலைப் பிரித்து, அந்த இடைவெளியில் பார்வையால் அவளைப் பிடிப்பேன். வலது கையிலிருக்கும் தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி, அதில் பட்ட வெயிலை என் விரலில் விழவைப்பேன். விரல் மின்னினால் அங்கே அவள் முகத்திலும் மின்னும். உடனே இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவருவாள்.

சில நாள் பசியில் அவளே முன்னால் வந்து ஓடைக்கரையில் நின்று, வாயில் கை வைத்துச் சோறு கேட்பாள். உலை அப்போதுதான் கொதித்திருக்கும். நான் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவேன். இன்னும் வேகவில்லை, பொறு, போய் விளையாடு என்று அர்த்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். வெயில் இல்லாத நாளில் தட்டால் ஒன்றும் ஆகாது. நானே ஓடையில் இறங்கிப் போய் இழுத்து வரவேண்டும்.

அவள் வளர்ந்து, நாமக்கல்லில் தையல் பயிற்சி முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஊரே என்னை வைது தீர்த்தது.

"காது கேக்காத புள்ளையப் போயி அத்தாந்தூரம் அனுப்பறயே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா?" என்று நாத்தனார் கேட்டார்.

"உம்பட பொண்ணு காது நல்லாத்தான கேக்குது, ஊட்டோட கெடந்து என்னத்தக் கிழிச்சா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு என் நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவள் உலகம் நான் ஒருத்தியோடு முடிந்துவிடக் கூடாது என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊருக்குப் புது டவர் வந்திருந்தது. சாயங்காலம் அவள் ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்ததும் வீடியோ கால் வரும். ராகி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரருமாக உட்காருவோம். அவள் கையும் எங்கள் கையுமாக ஒரே அமர்க்களமாக இருக்கும். சூப்பர்வைசர் நடக்கிற நடையை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டுவாள். வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

பிறகு போன் இல்லாத வீடே இல்லை என்று ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் ஊரே படம் பார்க்கும். என் அங்கன்வாடிப் பிள்ளைகள் கூட வாயில் சோறு இறங்க போனைக் கேட்கும். நானும்தான், பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் ஆப்பில் ஏற்ற டவருக்கு அடியிலேயே போய் நிற்பேன். மழைக்காலம் பிடித்ததும் இன்னும் மோசம். மகள் முகம் வரும், நிற்கும், கட்டம் கட்டமாக உடையும், ஒரு வட்டம் சுற்றும். ஒருநாள் அவள் கை நெற்றிக்குப் போன இடத்தில் படம் நின்றுவிட்டது. தலைவலி என்கிறாளா, காய்ச்சல் என்கிறாளா, அடிபட்டுவிட்டது என்கிறாளா? திரும்பக் கூப்பிட்டால் முகமே வரவில்லை. இராத்திரி முழுக்க நான் அவரையும் தூங்க விடவில்லை. காலையில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பியிருந்தாள்: பொட்டு. புதுசாக ஒட்டுப்பொட்டு வாங்கியிருக்கிறாளாம், அதைத்தான் காட்டினாளாம். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

"எழுதித்தான் அனுப்பேன் டீச்சர், எதுக்கு வீடியோவு?" என்பார்கள். எழுத்தில் அவள் நல்லா இருக்கேன் என்று எழுதுவாள். எந்தப் பிள்ளைதான் நல்லா இல்லை என்று அம்மாவுக்கு எழுதும்? முகத்தைப் பார்த்தால் அல்லவா தெரியும். வீடியோ எடுத்து அனுப்பினால் அது சுற்றிச் சுற்றி மறுநாள் விடிகாலையில் வந்து சேரும். அதற்குள் அந்தச் சண்டையும் சிரிப்பும் ஆறிப் போயிருக்கும். படம் நிற்பதில் ஒரே ஒரு நன்மை இருந்தது. அவள் வாடிப்போய் இருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கினால், படம் நிற்கிற அந்த நேரத்தில் முந்தானையால் துடைத்துக்கொள்ளலாம்.

அவளும் கையைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். நின்று நின்று வருகிற படத்தில் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகக் காட்டுவாள். சாப்பிட்டேன். தூங்கினேன். வேலை. அப்பா? மாடு? அவ்வளவுதான். கம்பெனியில் அவளைப்போலக் காது கேட்காத பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதற்கென்று இருக்கிற பள்ளியில் படித்தவர்கள், அவர்கள் கைப்பேச்சு வேறு. எங்கள் மூக்குத்தியும் மிளகும் அவர்களுக்கு என்ன தெரியும்? ஒருநாள் எழுதி அனுப்பினாள்: அம்மா கை வரல. இங்க யாரும் இல்ல. தீபாவளிக்கு வரேன். திரும்ப வேலைக்குப் போகல.

அதைப் படித்ததும் என் மனசு ஒரு துள்ளு துள்ளியது. பொய் சொல்ல மாட்டேன். வரட்டுமே, என் பிள்ளை என் கண் முன்னால் இருக்கட்டுமே என்று இருந்தது. அடுத்த நொடியே, இவள் இப்போது மலையேறிவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் இறங்க மாட்டாள், எனக்குப் பிறகு இவள் கையைப் பார்க்க யாருமே இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. தீபாவளிக்குள் படம் ஒழுங்காக வரவேண்டும், அவள் அங்கேயே நிலைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் டவர் வேலைக்கு ஒரு தம்பி வந்தார். ராசிபுரம் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், இடுப்பில் கயிறும் கொக்கியுமாக ஏறத் தயாராக இருந்தார். பாவம், நான் போய் நின்ற வேகத்தில் ஓரடி பின்னால் போனார்.

"ஏந்தம்பி, இந்தக் கம்பத்த எதுக்கு நட்டு வெச்சிருக்கீங்க? காக்கா குந்தறதுக்கா?"

"ஏனுங்கக்கா, என்னாச்சுங்க? கால் போகலீங்களா?"

"காலெல்லாம் போகுது. எம்புள்ளையோட கை வரமாட்டீங்குது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னேன். முழுவதும் சொன்னேன், நெற்றிப்பொட்டு வரைக்கும். அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்தார். பிறகு டவரில் பாதி உயரத்தில் கட்டியிருந்த வெள்ளை வட்டத்தைக் காட்டினார். வெள்ளை மூடி போட்ட அண்டா மாதிரி இருக்கும் அது. ஊரில் அதை அண்டா என்றுதான் சொல்வோம்.

"உங்க போனு இந்த டவருகிட்டப் பேசுதுங்க. டவரு அத வெளிய கொண்டு போயிக் குடுக்கோணுமில்லீங்க? பூமிக்கடியில கேபிள் இந்த ஊருக்கு வல்ல. அதனால அந்த அண்டாதான் காத்துலயே தூக்கிக் குடுக்குது. அக்கட்டால மலைமேல இன்னொரு அண்டா இருக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு நேராப் பாத்துக்கிட்டே இருக்கோணும். நடுவுல மறைச்சா வழி குறுகிப்போயிருமுங்க. பேச்சுக்குக் கொஞ்சூண்டு வழி போதும், நுழைஞ்சு போயிரும். படத்துக்குத்தான் அகல வழி வேணும்."

"நடுவுல என்ன மறைக்குது?"

அவர் கையை நீட்டினார். அம்மன் கோயில் காடு.

அண்டா கட்டினபோது அந்த மரங்கள் இவ்வளவு உயரம் இல்லையாம். இப்போது இரண்டு மூன்று கிளை வழியில் வந்து நிற்கிறது. மழையில் இலை நனைந்தால் இன்னும் மறைக்கும், காற்றில் ஆடினால் படம் விட்டுவிட்டு வரும். ஊரே சாயங்காலம் படம் பார்க்க உட்கார்ந்தால், குறுகின வழியில் எல்லோரும் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ரெண்டு கிளையக் கழிச்சு உட்டாப் போதுமுங்க," என்றார். காண்டிராக்ட்காரர் அறுக்கிற மெஷினையே கொடுத்து அனுப்பியிருந்தார். கீழ்நாட்டு ஆளுக்கு அந்தக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? அதில் கத்தி படாது. விழுந்த சுள்ளியைக் கூட யாரும் பொறுக்க மாட்டோம். அதைத் தாண்டிப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். எவ்வளவு கோபத்தில் போனாலும் நானும் அப்படித்தான்.

அந்தத் தம்பி நல்லவர், ஊரைக் கேட்காமல் கை வைக்கவில்லை. கேட்டதும் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் ஆகாது என்றார்கள். நான் விடவில்லை. பெரியவர்கள் சொன்னால் ஆச்சா, அம்மன் சொல்லட்டும், பூ கேட்கலாம் என்று நின்றேன். பெரிய காரியம் எதற்கும் எங்களில் அம்மனிடம் பூ கேட்பது உண்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது.

என் அங்கன்வாடிப் பிள்ளை ஒன்றுதான் எடுத்தது. நான் அதற்குச் சத்துமாவு உருண்டை அதிகம் கொடுக்கிறவள் என்பதெல்லாம் அது நினைக்கவில்லை. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "எம்புள்ளைக்குத்தான் காது கேக்காது. உனக்குமா கேக்காது தாயே?" என்று கத்திவிட்டேன். பூசாரி வாயில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பி ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். என் வீட்டுக்காரர்தான் வந்து என் கையைப் பிடித்தார். அவர் ஆள் முன்னால் என் கையைப் பிடிப்பவர் இல்லை.

"கிளைய வெட்டலாமான்னு கேட்ட. வேண்டாங்குது. புள்ள மூஞ்சி வரக்கூடாதுன்னா சொல்லுச்சு? வா, ஊட்டுக்குப் போலாம்," என்றார்.

வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். தம்பியும் பின்னாலேயே வந்தார். வீட்டில் காபி போட்டுக் கொடுத்தேன். அழுதாலும் வந்தவருக்குக் காபி கொடுக்க வேண்டுமே. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போனில் மேப்பைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, தேவனூர் நாட்டு மேட்டுல இருக்கற டவருக்கு இப்பக் கேபிள் வந்திருச்சுங்க. அந்தப் பக்கம் பாத்தாப்பல ஒரு புது அண்டா கட்டினா கோயில் காடு குறுக்கால வராது. மேப்புல பாத்தா வழி இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா மேப்புல மரமெல்லாம் இருக்காதுங்க. அங்கிருந்து ஒரு ஆளு கண்ணாடியில வெயிலப் புடிச்சு அடிக்கோணும், நான் இந்த டவர் மேலருந்து பைனாகுலர்ல பாக்கோணும். தெரிஞ்சா வழி இருக்குது. கூட வர்ற பையனுக்குக் காய்ச்சலு. அவன் வந்ததும் பாத்துட்டு ஆபீசுல எழுதிக் கேக்கறனுங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "வெயிலப் புடிச்சு அடிக்கறதா?"

"ஆமாங்க. ஏனுங்க?"

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். எழுந்து போய் அடுப்படியிலிருந்து மகளின் தட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போனேன். தம்பி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், தொடவில்லை. தேவனூர் மேட்டுக்குப் போய் நின்றால் ஒரே பனி. எதிரில் மலை இருக்கிறது என்பதே தெரியவில்லை. காத்திருந்தோம். வீட்டுக்காரர் டீ வாங்கி வந்தார். அட்டைப்பூச்சி ஒன்றை என் காலிலிருந்து பிய்த்துப் போட்டார். உச்சிவேளை நெருங்கும்போது காற்று வந்தது. பனி மேலே எழும்பியது. எங்கள் ஊரும் அந்த டவரும் தீக்குச்சி உயரத்தில் தெரிந்தன.

இடது கையை நீட்டினேன். இரண்டு விரலைப் பிரித்தேன். நடுவில் டவரைப் பிடித்தேன். கை மறக்கவில்லை. தட்டைத் திருப்பினேன். விரல் மின்னியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. போனும் அடிக்கவில்லை. பிறகு அங்கே, டவர் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பளிச்சென்று ஒரு வெளிச்சம். அந்தத் தம்பி தன் கண்ணாடியால் திருப்பி அடித்தார். மறுபடி. மறுபடி.

அப்புறம்தான் போன் வந்தது. "அக்கா, தெரியுதுங்க! சுத்தமாத் தெரியுதுங்க! நடுவுல ஒரு இலை கெடையாது!"

சத்தக்காரிக்குச் சத்தம் வரவில்லை. என் வெளிச்சத்துக்குப் பதில் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று! வீட்டுக்காரர் போனை வாங்கி, "சரிங்க தம்பி, அழுதுட்டிருக்குதுங்க, அப்பறமாப் பேசும்," என்றார்.

வழி தெரிந்தால் மட்டும் போதுமா? ஆபீசில் அனுமதி வரவேண்டும், டவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும், புது அண்டா வரவேண்டும். தம்பி அலைந்தார். நான் வாரா வாரம் போன் போட்டு அவர் உயிரை வாங்கினேன். நடுவில் மழை வந்து ரோட்டில் மண் சரிந்தது. மகள் எழுதினாள்: வேலை வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட நாளைக்குச் சொல்றேன். நான் எழுதினேன்: பொறு. அவள் எழுதினாள்: எவ்வளவு நாள்? அம்மனிடம் போய் நின்று, அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சீக்கிரம் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நமக்குள் என்ன மரியாதை.

தீபாவளிக்குத் துணியெடுக்க ஊர் சேந்தமங்கலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிக்கப்பில் அண்டா வந்து இறங்கியது. காய்ச்சல் தேறின பையன் தேவனூர் டவரில், தம்பி எங்கள் டவரில். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே நட்டை ஒரு மயிரிழை திருப்புவதும், நிறுத்துவதும், மறுபடி திருப்புவதுமாக இருந்தார்கள். நான் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. சாயங்கால வெயில் சாயும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, புடிச்சிருச்சுங்க!"

தம்பியை வீட்டுக்கு இழுத்து வந்தேன். பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். ராகி டப்பா மேல் போனைச் சாய்த்தேன். மணி அடித்தது. என் மகள் வந்தாள்.

நெற்றியில் பொட்டு. பொட்டுக்கு நடுவில் இருந்த சின்ன மினுக்கு கூடத் தெரிந்தது. கன்னத்தில் புதுசாக ஒரு பரு. என்னைப் பார்த்ததும் மூக்கைத் தொட்டாள். கை போனது, வந்தது, நிற்கவில்லை. அவளும் அதைக் கண்டுகொண்டாள். கண்ணை அகல விரித்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், அடேயப்பா! இரண்டு கையும் பறந்தன. விரல்கள் மடங்கி, விரிந்து, நெஞ்சைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து. பக்கத்திலிருந்து இன்னொரு பெண் முகத்தை நீட்டி ஏதோ கையால் சொன்னாள். என் மகள் அவளுக்குப் பதில் கொடுத்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா என்னங்கக்கா சொல்லுது?" என்று தம்பி கேட்டார்.

"பாதி புரியல தம்பி."

அவர் பணியாரத்தை வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். "படம் நிக்குதுங்களா?"

"படமெல்லாம் நிக்கல. எனக்குத்தான் புரியல."

அந்தப் பெண்களின் கைப்பேச்சை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். இங்க யாரும் இல்ல என்று எழுதினதற்குப் பிறகு, படம் நின்று நின்று வந்த இந்த மாதங்களில், எங்களுக்குத் தெரியாமலே, சாப்பாட்டு இடைவேளையில் அவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து பழகியிருக்கிறாள். எங்களுக்கு மட்டும் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒவ்வொரு சொல்லாகக் காட்டிக்கொண்டிருந்தவள், அங்கே பேச்சை அருவியாகக் கொட்டியிருக்கிறாள். என் பிள்ளை அமைதியானவள், சாது என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் வாயாடி! என்னை உரித்துவைத்த வாயாடி! பேச ஆள் இல்லாமல்தான் சும்மா இருந்திருக்கிறாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், "ஆத்தாளும் மவளும்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை நிதானமாக்கி எங்கள் வீட்டுப் பேச்சுக்கு வந்தாள். தீபாவளிக்கு வருகிறேன். துணி எடுத்துவிட்டேன், அப்பாவுக்கு வேட்டி. அப்புறம் பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுவேன். இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நீயும் இப்படித் தினமும் தெரிந்தால் நான் இங்கேயே இருப்பேன். சூப்பர்வைசரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எதற்காக மலை மலையாக அலைந்தேனோ அது அப்படியே நடந்துவிட்டது. சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் கை கேட்கவில்லையே. அடுப்படிக்கு எழுந்து போய் அந்தத் தட்டை எடுத்து வந்தேன். போனுக்கு முன்னால் நின்று, பல்பு வெளிச்சத்தைத் தட்டில் பிடித்து அவள் முகத்துக்கு நேராக அடித்தேன். வா, சாமி. சாப்பிட வா.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். எழுந்து எங்கோ ஓடினாள். விடுதித் தட்டு ஒன்றோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதைக் கவிழ்த்துப் பிடித்தாள். அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, மெல்ல, ஓர் அமுக்கு அமுக்கினாள்.

இன்னும் வேகவில்லை. பொறு.

எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. படம் எப்போது நிற்கும், துடைத்துக்கொள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். அது நிற்கவே இல்லை. அவள் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டை மடியில் வைத்து, தன் மூக்கின் கீழே விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினாள். சின்ன வயதில் அவள் அழும்போது நான் காட்டுவது அது. மூக்கைத் துடை.

துடைத்துக்கொண்டேன்.